இரண்டு பேருக்கு ஒரே காற்று

நவம்பர் 2, 2071. காலை 7:10
சிப்பி நிலையம். மன்னார் வளைகுடாவின் வெளி விளிம்பு. ஆழம் 210 மீட்டர்.

நிலையத்தில் ஆள் ஒருவர். கஸ்மீர், உடலியல் ஆய்வாளர். சோதனை எலியும் நானே.

நாடி 74. அறைக் காற்றில் கரியமில வாயு ஒன்றரை சதவீதம். (அளவுகள் எல்லாம் கடல்மட்ட அழுத்தத்துக்கு மாற்றிய கணக்கில்.) லேசான தலைவலி. ஊசி போட்டாயிற்று. வெளிவிளக்கு ஒன்று அணைந்திருக்கிறது, பிறகு பார்க்கலாம்.

இதை எடுத்துப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். மலை உச்சியில் வாழ்கிறவர்களின் ரத்தம் மெல்லிய காற்றுக்குப் பழகியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கியவர்களின் மண்ணீரல் பெருத்திருக்கிறது. உடல் அப்படித்தான், போட்ட இடத்துக்குத் தக்கபடி தன்னை வளைத்துக்கொள்ளும். ஆனால் அவசரப்படாது. அந்த உடல்கள் ஆயிரம் ஆண்டுகளில் கற்றதை ஓர் உடல் ஊசியின் உதவியோடு ஆறு வாரத்தில் கற்குமா? கடலடியில் குடியிருக்கப் போகிறவர்களுக்குக் கெட்ட காற்றைத் தாங்கும் நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சை முதலில் எனக்குச் செய்து பார்க்கிறோம்.

உட்கார முடியவில்லை. மேலேயும் நான் அப்படித்தான், காலில் சக்கரம் கட்டிய மனுஷன் என்று என் மனைவி டெல்மா சொல்வாள். மேலே நடப்பதற்குக் கடற்கரை இருந்தது. இங்கே படுக்கையிலிருந்து கழிப்பறை வரை, கழிப்பறையிலிருந்து படுக்கை வரை.

நவம்பர் 5. மாலை 4:30

கரியமில வாயு 1.8. நாடி 80. எரிச்சல் அதிகம். எரிச்சலை அளக்க மீட்டர் இல்லாததால் இப்படியே எழுதி வைக்கிறேன்.

மேலே மிதவைக் கப்பலில் என் கயிற்றைப் பிடித்திருப்பவர் பிளேவியன் மச்சான், டெல்மாவின் அண்ணன். கயிறு என்று சொல்வது பழைய பழக்கம். உண்மையில் அது என் நிலையத்துக்கு மின்சாரமும் பேச்சும் கொண்டுவரும் கைப் பருமனுள்ள கம்பி. முத்துக் குளித்த காலத்திலிருந்து எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவனின் கயிற்றை அவன் கூடப்பிறந்தவன் பிடிக்கக் கூடாது, மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கயிறு நழுவினால் அறுவது தன் தங்கையின் தாலி என்பதால் அவன் கண் அயர மாட்டான். நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. ஆனாலும் பணிப்பட்டியல் போடும்போது எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவரும் ஆழ்கடல் பொறியாளர்தான், தகுதிக் குறைவு ஒன்றுமில்லை.

ஒரே சிக்கல், மச்சான் தூக்கப் பிரியர். தன் கல்யாணப் பூசையில் பீடத்தின் முன்னால் நின்றுகொண்டே தூங்கியவர். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்போது ஹெட்போனில் கேட்பது கடலா அவர் குறட்டையா என்று எனக்குச் சந்தேகம்.

மச்சானின் பேச்சு, பதிவு: "தூங்கல வேய். மூச்சு விடுதேன். அது தப்பா? நீரு வாத்து மாதிரி கத்தாம மெதுவா சொல்லும், ஒண்ணும் வெளங்கல."

ஹீலியம் கலந்த காற்றில் என் குரல் வாத்துக் குரலாகத்தான் போகிறது. கோபத்தோடு திட்டினாலும் மேலே சிரிக்கிறார்கள்.

நவம்பர் 10. காலை 6:50

2.0. தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிறார்கள். தூக்கம் இல்லை. நடந்தேன். திருகாணிகளை எண்ணினேன், பிறகு எண்ணியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். மச்சானை மூன்று முறை திட்டினேன். பொட்டலத்தில் வந்த கருவாட்டுக் குழம்பில் கருவாடு இல்லை என்பதற்காக ஒரு முறை, மற்ற இரண்டும் காரணமில்லாமல்.

கெட்ட காற்றில் உடல் இப்படித்தான் கூச்சல் போடும். ஓடு, வெளியே போ, நல்ல காற்றைத் தேடு என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தக் கூச்சலை அடக்கத்தான் ஊசி. இன்னும் அடங்கவில்லை. விட்டால் கதவைத் திறந்து கடலுக்குள் நடந்துவிடுவேன் போலிருக்கிறது.

பதிவு: "திட்டும் மாப்ள, நல்லா திட்டும். நீரு திட்டுத வரைக்கும் எனக்கு நிம்மதி."

நவம்பர் 14. காலை 9:40

அற்புதம்.

நேற்று இரவு முழுக்கத் தூங்கினேன். எழுந்தபோது தலைவலி இல்லை. நாடி 60. மூச்சு சீராக, ஆழமாக. நாற்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே இருந்தேன். டெல்மா பார்த்தால் நம்ப மாட்டாள். உடல் கற்றுக்கொண்டுவிட்டது! நான்கு வாரம் மிச்சமிருக்கும்போதே.

சின்னக் குறிப்பு. சுவர் மீட்டர் 2.0 காட்டுகிறது. கை மீட்டர் 4.7 காட்டுகிறது. கரியமில வாயுவை உறிஞ்சும் சுத்திகரிப்பானின் விசிறி ஓடுகிறது, சத்தம் கேட்கிறது. ஆக இரண்டு மீட்டரில் ஒன்று பொய். இரண்டு சாட்சி முரண்பட்டால் மூன்றாவது சாட்சியைக் கேட்க வேண்டும். மூன்றாவது சாட்சி என் உடல். 4.7 என்றால் நான் இந்நேரம் மூச்சிரைத்துத் தரையில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. தேநீர் குடிக்கிறேன்.

கை மீட்டரை அலமாரியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 17. காலையோ மாலையோ

நலம். நாடி 52.

வெளிவிளக்கு இன்னும் ஒன்று அணைந்திருக்கிறது. அதனால் என்ன. இருட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மீன் ஜன்னலில் வந்து நின்றது. நானும் நின்றேன். வெகுநேரம் நின்றோம்.

மேலே மச்சான் பதறுகிறார். பதிவு:

"மாப்ள, மூணு நாளா என்னை ஒரு வார்த்தை திட்டல நீரு. கேட்டா நலம்ங்கீரு, மறுபடி கேட்டா நலம்ங்கீரு. நீரு நலமா இருக்கிற ஆளா வேய்? நான் பயந்து போயிருக்கேன். கூண்டை அனுப்புதேன், ஏறி வாரும்."

வேண்டாம் என்றேன். சோதனை வெற்றி பெறும் நேரத்தில் யாராவது எழுந்து வருவார்களா?

பதிவு: "அந்தக் கை மீட்டரை எடுத்துப் பாரும்."

அலமாரி தூரம் என்றேன். எட்டு அடிதான். ஆனாலும் தூரம்.

நவம்பர் 18

டெல்மா பேசினாள். என்னங்க, எப்ப வருவீங்க என்றாள். நலம் என்றேன். அழுதாள். ஏன் அழுகிறாள் என்று யோசித்தேன், பிறகு யோசிக்க மறந்துவிட்டேன்.

மச்சான் கூண்டில் தானே இறங்கி வருகிறாராம். மேலே உள்ளவர்கள் வேறு முக்குளிப்பவரை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்தவன் நான், இறங்குகிறவனும் நான்தான் என்று சண்டை போட்டு ஏறிவிட்டார். ஆழத்தின் அழுத்தத்துக்கு உடலைக் கொண்டுவர ஒரு நாள் ஆகும். வரட்டும். நலம்.

நவம்பர் 19. பிற்பகல் 2:15

இதை நிதானமாக எழுத வேண்டும். கை ஓடவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

கூண்டு அடிக்கதவில் வந்து பொருந்தியது. மச்சான் கதவைத் திறந்து மேலே ஏறினார். பதற்றத்தில் முகமூடி போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன மாப்ள" என்று வாத்துக் குரலில் தொடங்கினார். அடுத்த மூச்சை இழுத்ததும் கண் பிதுங்கியது. நாலு மூச்சு, நாய் இரைப்பதுபோல. பிறகு முழங்காலில் விழுந்து வாந்தி எடுத்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதியவர், இந்தக் காற்று பழகவில்லை என்று நினைத்தேன். நினைத்து முடிக்கும்போதுதான் உறைத்தது. அதே காற்று. அவர் உடல் நாலு மூச்சில் சொன்னதை என் உடல் ஐந்து நாளாகச் சொல்லவில்லை. என் உடலை நான்தான் ஊமையாக்கியிருந்தேன். ஊமையைப் போய்ச் சாட்சி கேட்டிருக்கிறேன்.

அவசர முகமூடியை அவருக்கு மாட்டினேன். அலமாரிக்குப் போய்க் கை மீட்டரை எடுத்தேன். 6.8. சுத்திகரிப்பானைத் திறந்தேன். விசிறி ஓடுகிறது, ஆனால் உள்ளே உறிஞ்சும் தூள் ஈரத்தில் ஊறிக் களியாகியிருக்கிறது. சுவர் மீட்டரின் மூக்கில் உப்புப் பூத்து அடைத்திருக்கிறது. என்றோ ஒரு நாளின் 2.0-ஐத்தான் அது இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது.

பயமாக இருக்கிறது. பயம் வந்ததே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது.

நவம்பர் 19. இரவு 8:00
கூண்டு. ஆழம் 60 மீட்டர்.

கிளம்பிவிட்டோம். ஆனால் மேலே போக முடியவில்லை. புயல் சின்னம் திசை மாறி இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். அலையில் கூண்டைத் தூக்கினால் கப்பலின் பக்கத்தில் மோதி உடையும். கடல் அடங்கும் வரை இங்கேயே தொங்க வேண்டும். இரண்டு நாளோ மூன்றோ.

கூண்டு என்பது இரண்டு பேர் முழங்காலை மடக்கி எதிரெதிரே உட்காரும், அடியாழத்தின் அழுத்தம் மாறாமல் மூடிய இரும்புக் குடம். ஊஞ்சலாக ஆடுகிறது. முகமூடிக் குப்பி மச்சானுக்காக முழுவதும் தீர்ந்துவிட்டது. ஆனால் இதற்குச் சொந்தச் சுத்திகரிப்பான் உண்டு, அது நன்றாக வேலை செய்கிறது. கரியமில வாயு 0.3. நல்ல காற்று. மச்சான் கண் திறந்துவிட்டார். கண் திறந்த உடனே என்னைத் திட்டினார், அரைமணி நேரம்.

டெல்மா. பதிவு: "ரெண்டு பேரும் வரணும். கேட்டீங்களா? ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் வந்து எம்முன்னால நிக்கக் கூடாது. அண்ணன் தூங்கிரும், நீங்க பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 19. இரவு 10:40

மச்சான் என் கன்னத்தில் அறைந்து எழுப்பினார். நான் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்ததாம். மூச்சு மட்டும் இல்லை. உதடு நீலம்.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இதுதானே என் படிப்பு. மூச்சு விடு என்று மூளைக்கு மணி அடிப்பது பிராணவாயுவின் குறைவு அல்ல, ரத்தத்தில் கூடும் கரியமில வாயு. என் மணி இப்போது கெட்ட காற்றுக்குத்தான் அடிக்கும். நல்ல காற்றில் அது அடிப்பதே இல்லை. நினைத்து இழுத்தால் மூச்சு வருகிறது. நினைப்பு வேறு பக்கம் போனால் நின்றுவிடுகிறது. தூங்கினால் அவ்வளவுதான்.

கற்றதை மறக்க உடலுக்கு ஒரு வாரமாவது வேண்டும்.

நவம்பர் 20. காலை

சுத்திகரிப்பானைக் குறைத்து நடுவில் ஓர் அளவு தேடினோம். மூன்றில் வைத்தால் எனக்கு அரைகுறை மூச்சு, மச்சானுக்குத் தலை வெடிக்கிறது. ஐந்தில் எனக்குச் சுகம், அவருக்கு வாந்தி, கண் இருட்டு. அவருக்கு ஆகும் காற்று எனக்கு ஆகாது. எனக்கு ஆகும் காற்று அவரைக் கொல்லும். இருப்பதோ ஒரே கூண்டு. நான்தான் மறுபடி நல்ல காற்றுக்குத் திருப்பினேன். அவர் கையைத் தட்டிவிட்டுத் திருப்பினேன்.

மச்சான் ஒரு வழி செய்தார். உடுப்பிலிருந்து ஒரு கயிற்றை உருவி ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினார், மறுமுனையைத் தன் மணிக்கட்டில். நான் தூங்கும்போது அவர் சுண்டுகிறார். சுண்டினால் தூக்கத்திலேயே ஒரு மூச்சு இழுக்கிறேன். மறுபடி சுண்டு, மறுபடி மூச்சு. அவர் தூங்கும்போது நான் விழித்திருந்து நானே இழுத்துக்கொள்ள வேண்டும்.

"எங்க தாத்தன் அறுபது அடிக்குக் கயிறு பிடிச்சாரு. நான் ரெண்டு அடிக்குப் பிடிக்கேன். குலம் முன்னேறிட்டு" என்றார். சிரித்தேன். சிரித்ததில் ஒரு மூச்சு தவறியது, சுண்டினார்.

நவம்பர் 20. மாலை

கப்பலோடு பேச்சு அறுந்தது. மின்சாரம் இருக்கிறது. ஆட்டம் கூடுகிறது. என் தலை இரும்பில் இடிக்கிறது, நல்லதுதான், விழித்திருக்க உதவுகிறது.

மூச்சு ஒரு வேலையாகிவிட்டது. இழு, விடு. எழுதும்போது மறக்கிறது. எழுதுவதை நிறுத்தினால் தூக்கம் வருகிறது. மறுபடி இருப்புக்கொள்ளவில்லை, ஆனால் நடக்க இடமில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். மச்சான் என் முழங்காலைப் பிடித்து நிறுத்துகிறார், நான் மறுபடி ஆட்டுகிறேன்.

நவம்பர் 21

மச்சான் கண் சிவந்து வீங்கியிருக்கிறது. என் முறையில் நான் விழித்திருந்தாலும் அவர் தூங்கவில்லை, நான் நிறுத்திவிடுவேனோ என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். பீடத்தின் முன்னால் தூங்கிய மனுஷன். மூன்று நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை.

நான் இரண்டு முறை நின்றுவிட்டேன். இரண்டாவது முறை வெகுநேரம் என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. என் மணிக்கட்டு முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"மாப்ள, ஒரு மணி நேரம் சுத்திகரிப்பானை நிறுத்துவோம். நீரு ஒழுங்கா தூங்கும். எனக்கு வெறும் தலைவலிதான. பொறுத்துக்கிடுதேன்."

முடியாது என்றேன். வெறும் தலைவலி இல்லை, இந்தச் சின்னக் கூண்டில் ஒரு மணி நேரத்தில் எட்டுக்கு ஏறிவிடும், நீங்கள் மயங்கினால் திருப்பிப் போட ஆள் இருக்காது என்றேன். டெல்மா சொன்னதை நினைவுபடுத்தினேன். ரெண்டு பேரும்.

"சரி வேய்" என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவர் இல்லையே என்று தோன்றியது. யோசிக்கத் தெம்பில்லை.

இப்போது என் தூக்க முறை. கயிறு கட்டியிருக்கிறது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சுண்டினார். இழுத்தேன்.

நேரம் தெரியவில்லை

தூங்கி எழுந்தேன்.

நல்ல தூக்கம். கனவுகூட வந்தது, டெல்மா கடற்கரையில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள், நான் எட்டிப் பிடிக்கவில்லை. தலைவலி இல்லை. நெஞ்சு தானாக எழுந்து தானாக அடங்குகிறது, நான் ஒன்றும் செய்யவில்லை. இழு என்று சொல்லவில்லை. எவ்வளவு சுகம்.

சத்தமில்லை. விசிறிச் சத்தம் இல்லை.

நான் சுகமாக இருக்கிறேன்.

நான் சுகமாக இருக்கிறேன் என்றால்

அதே நேரம்

மீட்டர் 8.1. மச்சான் சுத்திகரிப்பானின் விசையைக் கீழே தள்ளி நிறுத்தியிருக்கிறார். தள்ளியதோடு அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார், நான் எழுந்து திருப்பிவிடக் கூடாது என்று. கயிறு இன்னும் அவர் மணிக்கட்டில். விரல் கயிற்றில் சுற்றியபடியே. கண் மூடியிருக்கிறது. தூக்கம் என்று யாராவது நினைக்கலாம். தூங்கினால் குறட்டை விடுவார். குறட்டை இல்லை.

புரட்டினேன். கனம். ஆட்டத்தில் இரண்டு பேரும் விழுந்தோம். விசையைத் தள்ளினேன். விசிறி ஓடுகிறது.

கழுத்தில் கை வைத்தேன். நாடி இருக்கிறது. மூச்சு கோழிக்குஞ்சு மூச்சாக, விட்டு விட்டு. முட்டாள். முட்டாள் மச்சான். என்ன பிடிவாதம். மேலே போய் அவளிடம் நான் என்ன சொல்ல?

கூண்டின் ஆட்டம் குறைந்திருக்கிறது. கடல் அடங்குகிறதோ என்னவோ. ஆள் வரும் வரை இவர் உயிரோடு கிடக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும். ரெண்டு பேரும்.

மீட்டர் 6. 5. காற்று சுத்தமாகிறது. அவருக்கு நல்லது. எனக்கு

இழு. விடு.

நான் நின்றுவிட்டால் இவரை யார் சுண்டுவார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதினால் தூங்க மாட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சுண்டு சுண்டுகிறேன். இப்போது கயிறு என் கையில். இவர் தங்கைக்குக் கணவன் நான், இவர் கயிற்றைப் பிடிக்க எனக்கு வழக்கப்படி உரிமை உண்டா என்று தெரியாது. பிடித்திருக்கிறேன்.

4. இழு. விடு. சுண்டு.

3. அவர் உதட்டில் கொஞ்சம் நிறம். காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன் மச்சான், பிடித்து நிறுத்துங்கள் பார்க்கலாம்.

இழு. விடு. சுண்டு.

2. எழுத்து ஓடுகிறது வரிக்கு வெளியே. இழு. மறந்துவிட்டேன், எவ்வளவு நேரம் தெரியவில்லை, தலை இரும்பில் இடித்து விழித்தேன். இழு. விடு. சுண்டு. டெல்மா, ரெண்டு பேரும். சொன்னேன் அல்லவா. இழு.

1. விடு. சுண்டு.

திட்டுங்கள் மச்சான். ஒரு வார்த்தை.

இழு. விடு. சுண்டு. இழு. விடு.

ஒரு சுண்டு. இது நான் சுண்டியதல்ல. என் மணிக்கட்டில், அந்த முனையிலிருந்து. இன்னொன்று. இழு. வி